எல்லாப் படத்திலும் ஒரு கொக்கி

நூலகத்து அதிகாரி தொலைபேசியில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "உங்க வெப்சைட் அட்ரஸ் என்னம்மா?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "அனுப்புறேன் மேடம்" என்று சொல்லிவிட்டாள்.

புது நூலகக் கட்டடம் முடிந்துவிட்டது. அது எழும்பிய விதத்தைக் காட்டும் படங்களை உள்ளே மாட்ட வேண்டுமாம். வடிகட்டி வடிகட்டி மூன்று பேரில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பேர் சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருக்கும் பேர் போன ஆட்கள். மூன்றாவது ஆள், அந்தக் கட்டடத்துக்கு டவர் கிரேன் ஓட்டியவள். அவள் எடுத்த படம் ஒன்று எஞ்சினியரின் போனில் இருந்திருக்கிறது. அவர் அதை அதிகாரிக்குக் காட்டியிருக்கிறார். திங்கட்கிழமை தேர்வுக் குழு கூடும். மூவரின் வெப்சைட்டையும் பெரிய திரையில் போட்டுப் பார்த்து ஒருவரை முடிவு செய்யும்.

"நான் எடுத்த படத்தைப் பத்தி நாலு பேர் உட்கார்ந்து பேசப்போறாங்க" என்று புருஷனிடம் சொன்னாள். பயத்தில் சொன்னாளா பெருமையில் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

வேலையிடத்தில் எல்லோரும் அவளை 'மேல்வீடு' என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் கிரேன் கோபுரத்து ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் மண்ணை மிதிப்பாள். கீழே யாராவது பேச்சுக் கொடுத்தால் பாதி வார்த்தையை விழுங்கிவிடுவாள். உச்சியில் கேபினில் உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். இரும்புத் தூண் ஒன்றைத் தூக்கி, காற்றில் ஆடவிடாமல் கொண்டுபோய், காத்திருக்கும் கைகளுக்கு நடுவே பூப்போல வைப்பாள். கீழே நின்று வயர்லெஸ்ஸில் வழி சொல்லும் சிக்னல்காரருக்கு அவள் மேல் ஒரே ஒரு குறைதான்: "நான் சொல்றதுக்கு முன்னாடியே செஞ்சிடுது. அப்புறம் எனக்கு எதுக்குச் சம்பளம்?"

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசை மேல் லேப்டாப் ஏறியது. கொண்டுவந்தவன் கொழுந்தன். செல்போன் கடையில் வேலை பார்ப்பவன். வீட்டில் அவனுக்கு 'சார்ஜர்' என்று பேர். எந்த வேலையிலும் முதல் கால் மணி நேரம் சூடாக இருப்பான்.

"வெப்சைட்டுங்கிறது இப்ப சட்டை எடுக்குற மாதிரி அண்ணி. துணி வாங்கித் தைக்க வேண்டாம். டெம்ப்ளேட் ரெடிமேடா தொங்கும். எடுத்து மாட்டிக்க வேண்டியதுதான்."

மாமியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நன்றாகத் தெரிகிற நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பள்ளி வேன் ஓட்டும் புருஷன் மேசையின் மறுமுனையில் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

முதல் டெம்ப்ளேட்டிலேயே எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். கறுப்புப் பின்னணி. திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு மலை. மலையுச்சியில் விடியற்காலை வெளிச்சம்.

"ஏம்மா, இந்த மலைக்கு எப்பப் போனே? வீட்டுல ஒரு வார்த்தை சொல்லலையே!" என்றார் மாமியார்.

"அம்மா, அது அண்ணி எடுத்ததில்லை. மாதிரிப் படம். துணிக்கடைப் பொம்மைக்குச் சட்டை போட்டு நிறுத்துவான்ல, அது மாதிரி."

"அப்ப அந்தப் படகு?"

"அதுவும் பொம்மைதான்."

"எதுவா இருந்தா என்ன, லட்சணமா இருக்கு. இதையே எடுடா."

புருஷனைக் கேட்டார்கள். அவன் இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எல்லாமே நல்லாத்தான் இருக்கு" என்றான். திரையை அவன் பார்க்கவே இல்லை.

அவளுக்கும் அந்த மலை பிடித்திருந்தது. அந்த இடத்தில் தன் படங்கள் வந்து உட்காரப்போகின்றன என்று நினைத்தபோது காது மடல் சூடானது. சார்ஜர் மலையைக் கழற்றிவிட்டு அவளுடைய படங்களை ஏற்றினான். சின்னச் சின்னச் சதுரங்களாக அவை வரிசை கட்டின.

மாமியார் திரைக்குக் கிட்டே குனிந்தார்.

எல்லாச் சதுரத்திலும் ஒரு கொக்கி இருந்தது. கொக்கி மட்டும்தான் இருந்தது.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. கொக்கி மொத்த வியாபாரம் பண்ற கடை மாதிரி இருக்கு."

"கட்டடம் கட்டப் போனியா, மீன் பிடிக்கப் போனியா?" என்றார் மாமியார்.

அவள் படம் எடுப்பது இடைவேளையில் மட்டும்தான். சுமை தொங்கும்போது கேமராவைத் தொடமாட்டாள். இடைவேளை விட்டதும் கிரேன் கொக்கியை மேலே ஏற்றி, கோபுரத்துக்குப் பக்கத்தில் இழுத்து நிறுத்திவிட வேண்டும், அது வேலைமுறை. அதனால் அவள் எந்தப் பக்கம் சாய்ந்து எடுத்தாலும் நடுவில் கொக்கி வந்து நிற்கும். கேபின் கண்ணாடியோ காலடி வரை இறங்கும் ஒல்லிக் கண்ணாடி. படங்களும் அதைப் போலவே நெட்டையாக இருந்தன. மனிதர்கள் எல்லாம் கீழ் ஓரத்தில் இருந்தார்கள். சுவர் நிழலில் ஒட்டிக்கொண்டு சாப்பிடுகிறவர்கள். தள்ளுவண்டிக்குள் சுருண்டு தூங்குகிறவர். காய்ந்துகொண்டிருக்கும் கான்கிரீட்டுக்குச் செடிக்கு ஊற்றுவது போலத் தண்ணீர் ஊற்றும் பெண். டெம்ப்ளேட் மேலேயும் கீழேயும் வெட்டி, அவர்களை எறிந்துவிட்டு நடுவை மட்டும் வைத்துக்கொண்டது.

அவள் அப்படி யோசிக்கவில்லை. மலை இருந்தபோது மாளிகை போல இருந்தது, தன் படம் வந்ததும் இரும்புக்கடை ஆகிவிட்டது. அப்படியானால் குறை தன் படத்தில்தான் என்று நினைத்தாள்.

"விட்டுடு தம்பி. மேடம்கிட்ட ஏதாவது சொல்லிக்கிறேன்."

"அதுக்குள்ள என்ன அண்ணி? கொக்கியைத் தூக்கிட்டா போச்சு." ஒரு படத்தை முழுசாகத் திறந்து, விரலால் திரையில் நாலு தேய்ப்புத் தேய்த்தான். தண்ணீர் ஊற்றும் பெண்ணின் படத்தில் கொக்கி இருந்த இடத்தில் சாம்பல் தரை முளைத்தது. "பாருங்க, சுத்தமா இருக்கு."

சுத்தமாகத்தான் இருந்தது. பக்கத்துக் கட்டடத்து ஜன்னலிலிருந்து யாரோ எட்டிப் பார்த்து எடுத்தது போல இருந்தது. அவள் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"திருப்பி வை."

மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தக் குரலை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை. அது வயர்லெஸ்ஸில் பேசுகிற குரல்.

சார்ஜர் மறுபேச்சுப் பேசாமல் கொக்கியைத் திருப்பி வைத்தான். அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"இப்ப மலை, படகு எல்லாத்தையும் எடுத்துடு. வெறும் டெம்ப்ளேட்டை மட்டும் காட்டு."

"வெறும் டெம்ப்ளேட்ல என்ன அண்ணி தெரியும்? கட்டம்தான் தெரியும்."

"கட்டத்தைத்தான் பார்க்கணும்."

படங்களை உருவி எடுத்த டெம்ப்ளேட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள். அகலக் கட்டம் வந்தால் தலையை ஆட்டினாள், அடுத்தது. சதுரம், அடுத்தது. இஷ்டத்துக்கு நகர்ந்து மறைகிற கட்டம், அடுத்தது. சுமைக்குத் தக்கபடி தூக்கும் கம்பியைக் கட்டவைப்பது அவளுக்குப் புதிதில்லை. கம்பி அழகாக இருக்கிறது என்பதற்காக யாரும் சுமையை அறுப்பதில்லை.

கடைசிக்கு முந்தையதில் கையைக் காட்டினாள். வெள்ளைத் தாள் போல ஒரு பக்கம். நடுவில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு வரிசை. படம் எத்தனை உயரமோ அத்தனை உயரம் அப்படியே நிற்கும். ஒன்றின் காலடியில் அடுத்தது தொடங்கும். இசை இல்லை, மின்னல் இல்லை.

"இதென்ன, வெள்ளையடிச்ச சுவர் மாதிரி இருக்கு" என்றார் மாமியார்.

"படம் மாட்டச் சுவர்தானே அத்தை வேணும்?"

"அண்ணி, ஒரு படம்கூடத் திரைக்குள்ள முழுசா அடங்காது. யாரு இவ்வளவு தூரம் கீழ இழுத்துப் பார்ப்பாங்க?"

"நீ ஏத்து."

ஏற்றினான். முதல் படத்தின் தலைப்பக்கம் மட்டும் திரையில் தெரிந்தது: கைக்கெட்டும் தூரத்தில் கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் வெறும் காற்று. அவள் லேப்டாப்பை மாமியார் பக்கம் திருப்பினாள். "கீழ இழுங்க அத்தை."

மாமியாரின் விரல் இழுத்தது. கொக்கி வந்தது, ஆள் உயரத்துக்கு. இன்னும் இழுத்தார். கொக்கி மேலே போனது. மாடி மாடியாகச் சுவர் இறங்கியது. இன்னும் இறங்கியது. தரையை இன்னும் காணோம். மாமியாரின் இடது கை தானாகப் போய் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"ஏய், இரு இரு. எனக்கு விழுந்துடுற மாதிரி இருக்கு." சொன்னாரே தவிர, விரலை எடுக்கவில்லை. அடியில், அரிசி மணி அளவில், அந்தப் பெண் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு உயரத்துலயா தினமும் உட்கார்ந்திருக்கே? ஏதோ மாடியில வேலைன்னுல்ல நினைச்சுட்டிருந்தேன்."

புருஷன் எப்போதோ இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முதுகுப்பக்கம் வந்து நின்றிருந்தான். "நானும் வேனை ஓரமா நிறுத்திட்டு அண்ணாந்து பார்த்திருக்கேன்" என்றான் மெதுவாக. "இப்படி இருக்கும்னு தெரியாது."

'என்னைப் பற்றி' என்ற பகுதி மட்டும் மிச்சம் இருந்தது. டெம்ப்ளேட்காரன் அதிலும் ஒரு மாதிரி வாசகம் வைத்திருந்தான்: 'ஒளியைத் துரத்தி உலகம் சுற்றும் பயணி.' சார்ஜருக்கு அதை விட மனமில்லை. அவள் அழித்துவிட்டு ஒற்றை விரலால் தட்டினாள்: 'இந்தக் கட்டடத்துக்குக் கிரேன் ஓட்டினேன். இவை என் இருக்கையிலிருந்து எடுத்த படங்கள்.'

"உங்க போட்டோ ஒண்ணு போடணும் அண்ணி. இடம் காலியா இருக்கு."

"அந்த இடத்தையும் எடுத்துடு."

சாயங்காலம் முகவரியை அனுப்பினாள்.

திங்கட்கிழமை அவள் வேறொரு கட்டடத்தின் உச்சியில் இருந்தாள். இடைவேளையில் போனை எடுத்தபோது நூலகத்திலிருந்து இரண்டு அழைப்புகள் தவறிப்போயிருந்தன. திரும்பக் கூப்பிட்டாள்.

"குழுவுல ஒருத்தர் கேட்கச் சொன்னார்" என்றார் அதிகாரி. "அந்தக் கொக்கி இல்லாம எடுத்தது ஏதாவது இருக்கா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் கொக்கி அசையாமல் நின்றது.

"இல்லை மேடம். அது இல்லாம எடுக்கணும்னா, வேற யாராவதுதான் எடுக்கணும்."

மறுமுனையில் சிரிப்பு கேட்டது.

"நானும் அதைத்தான் அவர்கிட்ட சொன்னேன். மத்த ரெண்டு பேரும் கட்டடத்தை நல்லா எடுத்திருக்காங்க, இல்லேன்னு சொல்லலை. உங்க சைட்டை இழுக்க இழுக்க, தரை எப்ப வரும்னு அத்தனை பேரும் வாயைப் பொத்திட்டு உட்கார்ந்திருந்தோம். படிக்கட்டுப் பக்கத்துச் சுவர் மேலேருந்து கீழ வரைக்கும் காலியா இருக்கு. அது உங்களுக்கு. இறங்கி வர்றவங்க பார்த்துக்கிட்டே இறங்கட்டும்."

"வெட்டாம மாட்டுவீங்களா மேடம்?"

"ஒரு விரற்கடை கூட வெட்ட மாட்டோம்."

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே மாமியாரின் குரல் கேட்டது. தங்கையுடன் போனில் பேசிக்கொண்டிருந்தார். அதற்குள் வெப்சைட் முகவரி சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போய்விட்டிருந்தது.

"எங்க வீட்டு மருமகதான்டி. ஆமா, லைப்ரரியிலேயே மாட்டப் போறாங்க. என்னது? அவ போட்டோவைக் காணோமா? எல்லாப் படத்துலயும் இருக்கா, நல்லாப் பாரு. நடுவுல ஒரு கொக்கி தொங்குதா? அதைப் பிடிச்சுக்கிட்டிருக்குறது யாருன்னு நினைச்சே?"

அவள் செருப்பைக் கழற்றாமல், பேச்சு முடியட்டும் என்று வாசலிலேயே நின்றாள்.