சுவருக்கு அந்தப் பக்கத்து பிரஸ்

சைக்கிள் சம்பந்தப்பட்ட எந்தப் பட்டறை மூடினாலும் முதல் ஆளாகத் துக்கம் விசாரிக்கப் போகிறவள் முதலாளியம்மாதான். அவளே சைக்கிள் மணி செய்கிற பட்டறைக்காரி. மூடினவர் எதிரில் உட்கார்ந்து, "உங்களுக்கா இந்த நிலைமை" என்று மூக்கைச் சிந்துவாள். அவரும் உருகிப்போய், மூலையில் கிடக்கிற மணி அச்சுகளை அவள் கேட்ட விலைக்கே கொடுத்துவிடுவார். வண்டியில் இரும்பு ஏறுவதற்குள் இவள் கண்ணீர் காய்ந்திருக்கும்.

அவள் கணக்கு சுலபமானது. புது சைக்கிள் வாங்க ஆளில்லை, சரி. ஆனால் பழைய சைக்கிள் லேசில் சாகிற ரகம் இல்லை. அதன் மணி உடைந்தால் யாரிடமாவது வாங்கித்தானே ஆகவேண்டும்? செய்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டக் கட்ட, அந்த 'யாரிடமாவது' என்பது 'அவளிடம்தான்' என்று ஆகிக்கொண்டே வந்தது. தொழில் படுத்த பிறகும் இவள் பட்டறையில் மட்டும் புதிதாக ஆள் எடுத்தார்கள்.

மிச்சமிருந்த ஒரே போட்டி அக்காவின் புருஷன். அப்பா விட்டுப்போன பட்டறையின் நடுவில் சுவர் எழுப்பி இரண்டு பெண்களும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். அக்கா பாதியில் அத்தானும் மணிதான் செய்தார். சமீபகாலமாக அவர் பக்கம் மணி மூடி அடிக்கிற பிரஸ் மெஷின் ஓய்வதே இல்லை. காலையில் 'டம், டம்' என்று தொடங்கினால் பொழுது சாயும்வரை அதே சத்தம். முதலாளியம்மாவுக்கு வயிறு எரிந்தது. போதாக்குறைக்கு, அத்தானிடம் வாங்கிக்கொண்டிருந்த கடைக்காரர்கள் இவளிடம் வந்து, "அவருக்கு வெளியூர் ஆர்டர் தாங்கலையாம். உங்ககிட்ட வாங்கிக்கச் சொன்னாரு" என்றார்கள். அவர் கழித்துப்போட்டதை வாங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

அந்த நேரத்தில்தான் ஒருநாள் காலையில் மொத்த வியாபாரி பெரிய ஆர்டரோடு வந்தார். சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும் என்றார். ஒத்துக்கொண்டால் இன்னொரு பிரஸ் போடவேண்டும். அதற்கு வீட்டை அடமானம் வைக்கவேண்டும். இவ்வளவு மும்முரமாகத் தொழில் நடத்துகிற அத்தான் நாளைக்கே விலையைக் குறைத்தால் வீடு கோவிந்தா. விட்டுவிட்டாலோ, வியாபாரி நேரே சுவருக்கு அந்தப் பக்கம் போவார். முதலாளியம்மாவுக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்று மணிக்குக் கரண்ட் போயிற்று. தெருவே அடங்கியது. லேத், விசிறி, எதிர்க்கடை ரேடியோ எல்லாம் நின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும், 'டம், டம், டம்.'

முதலாளியம்மா மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரி கூரையைப் பார்த்தார்.

"அவர்கிட்ட ஜெனரேட்டர் இருக்கா?"

"இல்லம்மா."

"அப்புறம் எப்படி ஓடுது?"

"அதுவா..." மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "நீங்க கேக்கல, நானும் சொல்லல."

அவள் விடுவிடுவென்று போய் அத்தான் பட்டறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே வேலையாள் ஒருவரும் இல்லை. பிரஸ் மேல் துணி போர்த்தியிருந்தது. அத்தான் முக்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பேட்டரி ஸ்பீக்கர், 'டம், டம்' என்று அடித்துக்கொண்டிருந்தது.

அத்தான் அதை நிதானமாக அணைத்தார்.

"எப்ப மூடினீங்க அத்தான்?"

"அது ஆச்சு ரொம்ப நாள்."

"அக்காகூட ஒரு வார்த்தை சொல்லல."

"சத்தியம் வாங்கிட்டேன்ல. சொல்லியிருந்தா, மூக்கைச் சிந்திக்கிட்டு நீ வந்து உக்காந்திருப்பே. அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. அதான் சத்தத்தைப் போட்டுவிட்டேன்."

"கடைக்காரங்களை எங்கிட்ட அனுப்பினது?"

"வேற யார்கிட்ட அனுப்புறது? உங்க அப்பா தொழில். ஒரு பக்கமாவது ஓடட்டுமே."

முதலாளியம்மா ஸ்பீக்கரையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை நாள் இந்த மனுஷனைக் கரித்துக்கொட்டியது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. கண் தானாக நிறைந்தது.

அத்தான் உஷாரானார். "இந்தா, உன் வேலையை ஆரம்பிக்காதே. பிரஸ்ஸுக்குத்தானே வந்தே? பெரிய ஆர்டர் வந்திருக்குன்னு உன் மேஸ்திரி மத்தியானமே சொல்லிட்டாரு. தரேன். வீட்டையெல்லாம் அடமானம் வைக்கவேண்டாம், மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா குடு. ஆனா நான் சொல்றதுதான் விலை." விலையைச் சொன்னார்.

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"அழுதா குறைப்பேன்னு நினைக்காதே. ஏத்துவேன்." நிஜமாகவே ஏற்றினார்.

அவள் விசும்பினாள். அவர் இன்னும் கொஞ்சம் ஏற்றினார். முதலாளியம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு, சரி என்று தலையாட்டினாள்.

அத்தான் கையிலிருந்த பத்திரிகை நழுவியது. "என்னது, சரியா? பேரம் பேசலையா நீ?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். விரலிடுக்கில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

அத்தான் அரண்டுபோய் அக்காவுக்குப் போன் போட்டார். "உடனே கிளம்பி வா. உன் தங்கச்சி நிஜமா அழறா."