மறுபூசைக்கு முன்னால்

அவசரம் என்று வருகிறவனை நம்பாதே. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நித்யஸ்ரீ. அவள் சொன்னபடிதான் நான் செய்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புதன்சந்தையைத் தாண்டி என் முதலாளி தனபாலின் ஹேச்சரி, கோழிக்குஞ்சு பொரிக்கிற இடம். கேட்டும் சாவியும் பதினோரு வருடமாக என் பொறுப்பு. குஞ்சு பொரிய இருபத்தொரு நாள். அதில் கடைசி மூன்று நாளுக்கு முட்டை பொரிப்பு மிஷினுக்கு வரும். நாலு மிஷின், இரண்டு லட்சம் முட்டை. சூடு, காய்ச்சல் பார்க்கிற கணக்கில், நூறு டிகிரியைத் தாண்டக் கூடாது. முன்பெல்லாம் திருகு பிடித்து நாங்களே கூட்டுவோம், குறைப்போம். இப்போது எல்லாம் ஒரு கம்ப்யூட்டர். அதைப் பார்த்துக்கொள்ள சேலம் அஸ்தம்பட்டி ஆபீசிலிருந்து வருகிற பெண்தான் நித்யஸ்ரீ.

ஆடி மாதம் எங்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள்.

"ட்யூப்ல ஓட்டை விழுந்தா பஞ்சர் ஒட்டறோமில்லீங்க? புரோகிராம்லயும் ஓட்டை இருக்குமுங்க. கம்பெனிக்காரங்க ஒட்டு அனுப்புவாங்க, பேட்ச்னு பேரு. ஒட்டாம உட்டா அது வழியா எவனாச்சும் உள்ள வருவான்."

"பொந்துல பாம்பு வாராப்லயா?" என்றாள் முட்டை அடுக்குகிற ராமாத்தாள்.

"பாம்புன்னா கண்ணுக்காச்சும் தெரியுமுங்க அக்கா. அப்புறம், அவசரம், இப்பவே திறங்கன்னு யாரு வந்தாலும் நம்பாதீங்க. திருடன் பேசற மொதப் பேச்சே அதுதான். ஓனருக்குப் போன் போட்டுக் கேளுங்க."

"நீயே வந்து சொன்னா?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "நானே வந்தாலும் கேளுங்க தாத்தா."

புரட்டாசியில் ஒரு ஒட்டு வந்தது. அதைப் போட கம்ப்யூட்டரை இருபது நிமிடம் நிறுத்த வேண்டும். முட்டை உள்ளே இருக்கும்போது நிறுத்தக் கூடாது என்றான் தனபால். முட்டை உள்ளே இல்லாத நாள் எங்கள் ஹேச்சரிக்குக் கிடையாது. மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஆயுத பூசையன்று காலையில் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தோம். பூசை போட்ட சாமானில் மறுநாள் மறுபூசை முடியும் வரை கை வைக்க மாட்டோம். அரிவாளானாலும் அப்படித்தான். மிஷின் தன்பாட்டுக்கு ஓடலாம், ஆள் தொடக் கூடாது. பொரிகடலை வாங்கிக்கொண்டு எல்லாரும் ஊட்டுக்குப் போனார்கள். தனபால் குலதெய்வம் கோயிலுக்குப் போனான். கட்டடத்தைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன்.

மதியம் ஒரு மணிக்கு நித்யஸ்ரீ வந்தாள். அஸ்தம்பட்டியிலிருந்து ஸ்கூட்டியிலேயே வந்திருக்கிறாள். முகமெல்லாம் புழுதி.

"கதவத் திறங்க தாத்தா. இதே புரோகிராம் போட்ட இன்னொரு ஹேச்சரியில காலையில பூந்துட்டானுங்க. சூட்ட ஏத்தி உட்டுட்டுப் பணம் கேக்கறானுங்க. இப்பவே ஒட்டோணும்."

"அவசரமா?"

"அவசரந்தானுங்க!"

எனக்குச் சிரிப்பு வந்தது. தனபாலுக்குப் போன் போட்டேன். அவள் வாங்கிப் பேசினாள், கெஞ்சினாள். அவன் குரல் எனக்கே கேட்டது. "பூசை போட்டதுல கை வெச்சா குஞ்சு தங்காது அம்மிணி. நாளைக்குப் பாத்துக்கலாம்." கட் பண்ணிவிட்டான்.

"சாவியக் குடுங்க தாத்தா. நாஞ் சொல்லிக்கறேன்."

"எங்கியோ பூந்தது உனக்கு மட்டும் எப்புடித் தெரிஞ்சுது? யாருமில்லாத நாளாப் பாத்து வாரே."

அவள் போகவில்லை. கேட்டுக்குப் பக்கத்துப் புங்கமரத்தடியில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று மணிக்கு உள்ளே குஞ்சுச் சத்தம் கிளம்பியது. அன்றைக்கு முட்டை அடைவைத்து இருபதாம் நாள். ஓட்டுக்குள் இருந்தே கத்தும். ஆனால் இவ்வளவு சத்தத்தை நான் கேட்டதில்லை.

"கேக்குதா அம்மிணி? பூசை போட்ட பலன். பொரிப்பு அள்ளிக்கிட்டுப் போவுது."

அவள் எழுந்து வந்து சுவரில் காதை வைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள். "சுவரு சுடுதுங்க."

"வெயிலு."

"இது நெழல் பக்கமுங்க தாத்தா."

நானும் கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது. "சூடு ஏறுனா சங்கு ஊதும். ஊதலியே?"

"அந்தச் சங்க ஊதறதே அந்தக் கம்ப்யூட்டர்தானுங்க."

கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கை இடுப்புச் சாவிக்குப் போனது. ஆனாலும் இன்னொரு கை போனை எடுத்தது. என் புத்தி அப்படி. தனபாலைக் கேட்காமல் திறக்க மனம் வரவில்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை. உள்ளே இடதுபக்க மிஷினில் சத்தம் தேய்ந்து நின்றது. பிறகு அடுத்ததில். நித்யஸ்ரீ என்னைக் கேட்பதை விட்டுவிட்டாள். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனை வேட்டி மடிப்பில் போட்டுவிட்டு முடிச்சை அவிழ்த்தேன். அது சீக்கிரம் அவிழவில்லை. சாவி துவாரத்தில் சேரவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள்.

கதவு திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. அவள் ஓடி ஒவ்வொரு மிஷின் கதவாக இழுத்துத் திறந்தாள். ஒன்றிலிருந்தும் கீச்சென்று ஒரு சத்தம் வரவில்லை. கம்ப்யூட்டரில் சிவப்பாக இங்கிலீசு எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது. அவள் படித்தாள். "பணம் கேக்கறானுங்க" என்றாள். அதன் தலையில் காலையில் நான் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது.

"சின்னுசாமிண்ணா, கூப்ட்டீங்களாட்ட இருக்குது. கோயில்ல இருந்தேன். என்ன, குஞ்சுச் சத்தம் கேக்குதா?"

போனை மிஷின் பக்கமாக நீட்டிப் பிடித்தேன்.