லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

என் லேப்டாப்பை முதன்முதலில் தொட்டது குணசீலனின் கை. அதுவும் முட்டை போண்டா தின்றுவிட்டுக் கழுவாமல் வந்த கை.

நான் பி.காம். படித்தவள். கல்யாணத்துக்கு முன் நாமக்கல்லில் ஓர் ஆடிட்டரிடம் வேலை பார்த்தேன். வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி கணக்கைப் பார்த்துக் கொடு அபிநயா என்று அவர் கூப்பிட்டதும், என் கணவரை விடாமல் நச்சரித்து அந்த லேப்டாப்பை வாங்க வைத்திருந்தேன். ஆடிட்டர் கண்டிப்பானவர். ஊரில் உள்ள வியாபாரிகளின் கணக்கெல்லாம் உள்ளே இருக்கும், பெட்டியை நீயே பிரி, பாஸ்வேர்டை நீயே போடு, எவன் கையிலும் கொடுக்காதே, திருட்டு சாஃப்ட்வேர் எதையும் ஏற்றாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

எங்கள் வீட்டில் அதெல்லாம் நடக்குமா? புது மிஷின் எது வந்தாலும் ஆண்பிள்ளை கைதான் முதலில் பட வேண்டும். என் கணவர் சந்திரசேகரும் மாமனாரும் போர் போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருந்தார்கள். வீட்டில் நானும் என் மாமியார் பழனியம்மாள் அத்தையும்தான். கணவர் அங்கிருந்தே போனில் உத்தரவு போட்டார். குணா வந்து எல்லாம் செய்து கொடுப்பான், நீ பாட்டுக்குக் கை வைத்து எதையாவது கெடுத்துவிடாதே என்றார். மாதாமாதம் எத்தனையோ கம்பெனிகளின் கணக்கை முடித்துக் கொடுத்தவளைப் பார்த்து இப்படிச் சொன்னார்.

குணசீலன் என் கணவரின் பெரியப்பா மகன். புதுச்சத்திரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். வீட்டுக்கு வந்தால் அடுப்படி வரைக்கும் வந்து பாத்திரத்தைத் திறந்து பார்க்கிற உரிமை அவனுக்கு உண்டு. அந்த வியாழக்கிழமை நேராக என் அறைக்குள் வந்து, என் கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பெட்டியைப் பிரித்தான். புதுத் திரையில் எண்ணெய் விரல் பதிந்தது. கீபோர்டில் போண்டாத் தூள் விழுந்ததை வாயால் ஊதினான். நானே செய்துகொள்கிறேன் தம்பி என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். சிரித்தான். வண்டியில் டீசல் போடுகிறவனெல்லாம் டிரைவர் ஆகிவிட முடியுமா அண்ணி என்றான்.

அவன் பெயரிலேயே பாஸ்வேர்டு வைத்தான். கடையில் எல்லாருக்கும் ஏற்றுகிற திருட்டு சாஃப்ட்வேரை எனக்கும் ஏற்றினான். கூடவே ரிமோட் என்று ஒன்றைப் போட்டான். இது எதற்கு என்று கேட்டேன்.

"எதாச்சும் மக்கர் பண்ணுச்சுன்னா நீங்க கடைக்குத் தூக்கிட்டு வர வேண்டாமுங்க அண்ணி. நா அங்கிருந்தே உள்ள வந்து பாத்துக்குவேன்."

கிளம்பும்போது லேப்டாப்பை என் மேசைமேல், கட்டிலைப் பார்த்தாற்போலத் திறந்து வைத்தான். அப்டேட் ஓடுகிறது, முடிகிற வரைக்கும் மூடிவிடக் கூடாது, மூடினால் எல்லாம் போய்விடும் என்று அத்தையிடமும் சொல்லிவிட்டுப் போனான். நான் அதற்குப் பிறகு ஆடிட்டர் ஆபீசுக்குக் கிளம்பிப் போய், இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்பினேன். வந்ததும் முதல் வேலையாகத் திரையைத் துடைத்தேன், கீபோர்டைத் துடைத்தேன், அவன் பாஸ்வேர்டை மாற்றினேன். அவன் உட்கார்ந்திருந்த பெட்ஷீட்டையும் உருவிப் போட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அத்தை தட்டில் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் வீட்டில் ரிக் வண்டி, கம்ப்ரசர், மாவரைக்கிற கிரைண்டர் எல்லாமே பொட்டு வைத்துக்கொண்டுதான் வேலைக்கு இறங்கும். எலுமிச்சம்பழத்தை லேப்டாப்புக்கு அடியில் வைத்து நசுக்குவதற்கு முன் நான் பாய்ந்து பிடுங்கிவிட்டேன். பொட்டைத் தடுக்க முடியவில்லை. திரைக்கு மேலே நட்ட நடுவில், கேமரா இருக்கிற இடத்தில், சந்தனத்தை அப்பி அதன் மேல் குங்குமத்தை வைத்தார். சந்தனம் வழிந்து திரையில் இறங்கியது. எத்தனையோ இடம் இருக்க அங்கேதான் வைக்க வேண்டுமா அத்தை என்று எரிந்து விழுந்தேன். நெற்றி அதுதானே என்றார். அதுவாக உதிர்கிற வரைக்கும் கை வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

என் வேலைக்குக் கேமரா தேவையில்லை. அதனால் விட்டுவிட்டேன். ஆனால் உட்காரும்போதெல்லாம் அந்தக் காய்ந்த சந்தனக் கட்டியைப் பார்த்து எனக்குள் முணுமுணுத்துக்கொண்டேதான் வேலை செய்தேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் குணசீலன் போன் செய்தான். லேப்டாப் எப்படி ஓடுகிறது, சூடாகிறதா என்றெல்லாம் விசாரித்தான். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தான்.

"அப்பறம் அண்ணி, கேமரா மேல இருக்கற அந்தக் குங்குமத்தத் தொடச்சிருங்க. லென்ஸுக்குள்ள எறங்குனா கெட்டுப் போயிருமுங்க."

சரி தம்பி என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. பொட்டு வைத்தது வெள்ளிக்கிழமை. அவன் வந்து போனது வியாழக்கிழமை. அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நான் யாருக்கும் போட்டோ அனுப்பவில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. கோழிக் கொட்டகையில் தீவனம் போட்டுக்கொண்டிருந்த அத்தையிடம் ஓடிப் போய், குணாவிடம் பேசினீர்களா என்று கேட்டேன். அவன்கிட்ட எனக்கு என்ன பேச்சு என்றார்.

குங்குமம் இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்? உள்ளே இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

அறைக்குத் திரும்பி வாசலிலேயே நின்றுவிட்டேன். என் தலையணை, கொடியில் கிடந்த என் உள்பாவாடை, சீப்பு, எல்லாவற்றின் மேலும் அவன் எண்ணெய்க் கை பட்டுவிட்டது போலிருந்தது. அண்ணி, அண்ணி என்று வாய்க்கு வாய் கூப்பிடுவானே, அந்தச் சொல்லும் அழுக்காகிவிட்டது. பாத்ரூமுக்குள் போய் வாந்தி எடுத்தேன். எங்கள் வீட்டில் சுடுதண்ணீர் ஹீட்டர் உள்ள பாத்ரூம் அது ஒன்றுதான், என் அறையோடு சேர்ந்தது. அதற்குள் நிற்கவும் அருவருப்பாக இருந்தது.

ஆடிட்டருக்குப் போன் செய்தேன். அவர் திட்டவில்லை. வைஃபையை நிறுத்து, எதையும் அழிக்காதே, அந்த ரிமோட் சாஃப்ட்வேரைத் திறந்து உன் போனில் போட்டோ எடுத்துக்கொள், மற்ற பாஸ்வேர்டுகளையெல்லாம் போனிலிருந்தே மாற்று, லேப்டாப்பை அப்படியே சைபர் கிரைம் போலீசிடம் கொண்டு போய்க் கொடு என்றார். திறந்து பார்த்தேன். நான் பாஸ்வேர்டை மாற்றியும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. என்னைக் கேட்காமலே எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று வைத்திருந்தான். அதன் சாவி அவன் கடையில் இருந்தது.

கணவர் போனில் முதலில் நம்பவில்லை. நம்பியதும், போலீசுக்கெல்லாம் போய்விடாதே, நான் ஊருக்கு வந்து பேசிக்கொள்கிறேன், அம்மாவிடம் சொல்லாதே என்றார். அம்மாவிடம் சொல்லாமல் அதே வீட்டில் எப்படி இருப்பது? அன்று சாயங்காலமே அத்தையிடம் சொல்லிவிட்டேன். அந்தக் கேமரா வழியாக அவன் தன் கடையிலிருந்தே இந்த அறையைப் பார்க்க முடியும் அத்தை என்றேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எப்ப இருந்து?"

"வந்து மாட்டிக் குடுத்தானுங்களே, அப்ப இருந்துங்க."

அத்தை எழுந்து போய்விட்டார். அன்று சாப்பிடவில்லை. குடும்ப மானம் போகிறதே என்று கவலைப்படுகிறார், பெரியவர்களோடு சேர்ந்து என்னை அமுக்கத்தான் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கோபமும் எனக்கு இருந்தது.

கணவர் போன் செய்து சொல்லிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை குணசீலனின் அப்பா, பெரிய மாமா சின்னுசாமி, மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் மிக்சர் பொட்டலமும். பொண்ணு பார்க்க வந்தவர்கள்போல இருவரும் வெள்ளைச் சட்டை. கணவரும் மாமனாரும் போனில் இருந்தார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு டீப்பாய் மேல் வைத்தோம். பக்கத்தில் என் லேப்டாப், மூடாமல், பொட்டோடு. போனுக்குள் ரிக் வண்டியின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது.

குணசீலன் என் முகத்தைப் பார்க்கவில்லை. டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன், சாரிங்க அண்ணி என்றான். பெரிய மாமா மிக்சரைப் பிரித்து எல்லார் முன்பும் நீட்டிவிட்டுத் தானே தின்றுகொண்டு பேசினார். பையனுக்கு இப்போதுதான் கெங்கவல்லிப் பக்கம் ஓர் இடம் கூடி வருகிறதாம். நம்ம பக்கம் பொண்ணு கிடைக்கிறதே குதிரைக் கொம்பாக இருக்கிற காலமாம். போலீஸ் கேஸ் என்று ஒன்று விழுந்துவிட்டால் எவன் பெண் கொடுப்பான்? லேப்டாப்பைக் குணாவே எடுத்துப் போய் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதிதாக்கிக் கொடுத்துவிடுவான், அத்தோடு இதை மறந்துவிட வேண்டும் என்றார். திருடனிடமே பீரோவைக் கொடுத்துத் துடைத்துத் தரச் சொல்கிறார். கையில் இருக்கிற ஒரே சாட்சி அந்த லேப்டாப்தான். அது இந்த வாசலைத் தாண்டினால் நான் சொல்வதை ஒருவரும் நம்பப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். தர முடியாது என்றேன்.

பெரிய மாமா பொறுமையாகச் சிரித்தார்.

"அட, என்னத்தப் பாத்துப்போட்டான் இப்ப? அதுதான் பழனியம்மா பொட்டு வெச்சுருக்குதே. மறைச்சுத்தான இருந்துச்சு?"

"ஆமாங்கப்பா, செவப்பாத்தான் தெரிஞ்சுது" என்றான் குணசீலன். ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னான். ஏமாந்துபோனவனின் வருத்தமும் அதில் இருந்தது. சட்டையைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போலிருந்தது. போனுக்குள் என் கணவர், சரி விடு அபி, ஒன்றும் ஆகவில்லையல்லவா என்று தொடங்கினார். அதைக் கேட்டதும் அவர் மேலும் எனக்கு அருவருப்பு வந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை.

குணசீலன் லேப்டாப்பை எடுக்கக் கையை நீட்டினான்.

அதுவரை சமையலறை வாசலில் நின்றிருந்த அத்தை வந்து, அவன் கை படுவதற்கு முன் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பெரிய மாமா முன் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தலை குனிந்திருந்தது. குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"பொட்டு வெள்ளிக்கெழமதானுங்க மாமா வெச்சேன். வெயாழக்கெழம இல்லீங்களே."

பெரிய மாமாவின் கை மிக்சரோடு நின்றது.

"அன்னிக்கு அபி ஊட்டுல இல்ல. கொட்டகையில இருந்து வந்து அந்த ரூம்புலதான் தண்ணி வாத்துக் குளிச்சேன். மூடக் கூடாதுன்னு இவஞ் சொன்னானேன்னு அத மூடாமத்தான் வெச்சிருந்தேன். அதுக்கு முன்னால நின்னுதான் சீல மாத்துனேன். இதும் மேல சின்னதா வெள்ளையா ஒரு வெளக்கு எரிஞ்சுதுங்க." விரலால் குங்குமத்தைக் காட்டினார். "வெளக்கு எரியற எடமாச்சேன்னுதான் மறுநா அங்க பாத்துப் பொட்டு வெச்சேன்."

குணசீலனின் முகம் வெளுத்துவிட்டது. சின்னம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தவன் கூப்பிடவில்லை. போனுக்குள் ரிக் வண்டியின் இரைச்சல் நின்றுபோனது. யாரோ இன்ஜினை அணைத்திருந்தார்கள்.

அவர் சாப்பிடாமல் எழுந்து போனது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. எப்ப இருந்து என்ற கேள்விக்கு நான் சொன்ன பதிலைத்தான் இத்தனை நாளும் ஒற்றை ஆளாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"வண்டிய எடு சாமி, போலாம்" என்று என்னிடம் சொன்னார் அத்தை.

போனில் மாமனார் ஏதோ சொல்லத் தொடங்கினார். அத்தை குனிந்து, வந்து பேசிக்கிறனுங்க என்று சொல்லிப் போனை அணைத்தார். பெரிய மாமா வாசல்வரை எங்கள் பின்னால் வந்தார். பழனியம்மா, பழனியம்மா என்றார். அத்தை திரும்பவில்லை. என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, லேப்டாப்பை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். நேராக நாமக்கல் போனோம்.

சைபர் கிரைம் ஆபீசில் ஒரு பெண் போலீஸ் இருந்தார். துண்டை விலக்கி, பொட்டைப் பார்த்து, இது என்னம்மா என்று கேட்டார். நான் வைத்ததுங்க என்றார் அத்தை. அந்தப் பெண் அதற்கு மேல் கேட்காமல் ஒரு தாளை எடுத்து, புகார் யார் பெயரில் என்று என்னைப் பார்த்தார். அத்தையின் பெயர் எங்கேயும் வரக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள் நான். என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அத்தை தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"எம் பேருல எழுதுங்க" என்றார்.