ஒரே ஒரு கால்பந்துச் சேனல்

...ஆனால் கம்பியை வெட்டியது ஹெபர் இல்லையே, வெட்டச் சொன்னது மட்டும்தானே, கூரைமேல் ஏறி நறுக்கென்று துண்டித்தது கேபிள்காரன், அதுவும் எவ்வளவு மரியாதையாக, "மொத்த இணைப்பையும் எடுத்துடலாமா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான்... எடு, எடு என்று கீழே நின்று கையை ஆட்டியது யார்? சரி, அது ஹெபர்தான். இருநூறு சேனலில் அவன் பார்த்தது ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் மீன் பிடிக்கிறவர்கள், மோதிரம் விற்கிறவர்கள், பேய் ஓட்டுகிற பாதிரிமார்கள், இவர்களுக்கெல்லாம் ஒரு பஸ் கண்டக்டர் எதற்கு மாதாமாதம் படியளக்க வேண்டும், கால்பந்துச் சேனலை மட்டும் இன்டர்நெட்டில் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்று டிப்போவில் சொன்னார்கள், வாங்கினான், மான்டெவிடியோவிலேயே தன்னைப்போல் புத்திசாலி கிடையாது என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டும் இருந்தான். அந்தக் கம்பியிலிருந்துதான் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிளை போகிறது, பல வருடங்களுக்கு முன் சமையல்கத்தியும் கறுப்பு டேப்பும் வைத்து அதை இழுத்துக் கொடுத்தவனே தான்தான் என்பது எப்படி மறந்துபோகும்? போனதே. அந்த வீட்டு நீபியா கரண்டியும் கையுமாக நடைக்கு வந்து நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. அவளுடைய துருக்கி சீரியலுக்கு அன்று கடைசி நாள். "ஹெபர், குழந்தைக்கு அப்பன் யாருன்னு சொல்ல அவன் வாயைத் திறந்தான், டிவி இருட்டாயிடுச்சு. போன குளிர்காலத்துலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன் நான்." அவள் தம்பி வால்டெமார் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து, "அப்பன் ஹெபராத்தான் இருக்கும், மாட்டிக்குவோம்னு வெட்டிட்டான்" என்றான். அன்றைக்கு அவர்கள் சிரித்தார்கள், மறுவாரமே சொந்தமாகக் கேபிள் போட்டுக்கொண்டார்கள், அப்போதும் சிரித்தார்கள்... அது சிரிப்புதானா? பல்லைக் காட்டுகிறதெல்லாம் சிரிப்பா?

இன்றைக்கு ஞாயிறு, இரண்டாம் பாதி, இரண்டு பக்கமும் கோல் இல்லை, ஹெபர் சமையலறை நாற்காலியில் மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீரைக் குடுவையிலிருந்து உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், ஏனென்றால் சோபாவை மேபெல் தன் தங்கை வீட்டுக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விட்டாள், புருஷனையும் இருநூறு சேனலையும் விட்டுவிட்டு, பாவம், எது உதவும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கண் திரையில், காது சுவரில். இந்தத் தெருவில் மற்ற எல்லாருக்கும் பெரிய அணிகள், இந்தப் பொடி அணிக்கு விசிறிகள் இரண்டே பேர், ஒன்று ஹெபர், இன்னொன்று சுவருக்கு அந்தப் பக்கம் வால்டெமார். ஒரே சோபாவில் சேர்ந்து உட்கார்ந்து பார்த்த ஒரே ஒரு நாளில் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிப்போனது, அதோடு சரி, நடுவில் சுவர் இருந்தால்தான் ராசி. என்ன சுவர் அது! பெனால்டி கொடுக்காத நடுவரின் பரம்பரையை ஏழு தலைமுறைக்கு இழுத்து வால்டெமார் திட்டுவான், விட்டுப்போன தலைமுறையை இந்தப் பக்கமிருந்து ஹெபர் எடுத்துக் கொடுப்பான், நீபியா இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவாள். மேபெல் போன பிறகு அந்த வீடு வீடாக இருந்ததே அந்த வசவினால்தான், இதை யாரிடம் போய்ச் சொல்வது, நீங்கள் கெட்ட வார்த்தை பேசியதற்கு நன்றி என்றா? போன ஜூலையில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்துக் கிடந்தபோது தினமும் சூப் வந்தது, கூடவே வால்டெமார் வந்து முகம் மழித்துவிட்டான், "செத்தாலும் லட்சணமா சாவுடா" என்று சொல்லிக்கொண்டே... அப்படிப்பட்டவர்கள்.

புதுச் சேனல் வந்த முதல் ஞாயிறுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. இன்டர்நெட்டில் வருகிற ஆட்டம் கேபிளுக்கு அரை நிமிடம் பின்னால் வரும் என்று டிப்போவில் ஒருத்தனும் சொல்லவில்லை. ஹெபரின் திரையில் அப்போதுதான் கார்னர் அடிக்கப் பந்தைக் கொண்டுபோய் வைக்கிறான், சுவருக்கு அப்பால் வால்டெமார் கோல் என்று அலறுகிறான், அப்புறம் வந்த கோலைப் பழைய செய்தித்தாள் மாதிரி பார்க்க வேண்டியிருந்தது. எரிச்சலில் சுவரை இரண்டு குத்து குத்தி, "அறிவிருக்காடா, எனக்கு இன்னும் கார்னரே வரல" என்று கத்தினான். கத்தியிருக்கலாமா? அடுத்த ஞாயிறிலிருந்து அந்தப் பக்கம் மயான அமைதி. கோலுக்குச் சத்தமில்லை, நடுவருக்கு வசவில்லை. சீரியலைப் பிடுங்கினவன், ஓசியில் கொடுத்ததைச் சொல்லாமல் அறுத்தவன், போதாததற்குச் சுவரைக் குத்தினவன்... மனுஷர்கள்தானே, எவ்வளவு பொறுப்பார்கள்? அணி கோல் போட்டபோது ஹெபர் மட்டும் கத்தினான், நடையில் அந்தக் குரல் இரண்டு மடங்காக எதிரொலித்தது, காலி வீட்டில் அப்படித்தான் கேட்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். கேட்டும் பார்த்தான். நடையைக் கழுவிக்கொண்டிருந்த நீபியாவிடம், "என்மேல கோபமா?" "காலைத் தூக்கு, ஈரம்." பேக்கரியில் வால்டெமாரிடம், "டேய், கோபமா?" "அந்தப் பிஸ்கோச்சோ சூடா இருக்கான்னு தொட்டுப் பாரு." இதற்கு என்ன அர்த்தம்? தப்பித்தல், வேறென்ன. அரை நிமிடம் தள்ளிப் பார்ப்பது பெரிதில்லை, தனியாகப் பார்ப்பதுதான்... இருநூறு சேனலையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், பேய் ஓட்டுகிறவர்களும் வரட்டும், அந்த வாய் திரும்பி வந்தால் போதும்.

தொம்மென்று ஏதோ விழுந்தது. நாற்காலியா? அதற்குப் பின்னால் ஒரு சத்தம், கழுத்தை நெரித்த மாதிரி, ம்ம்ம் என்று, நீளமாக. ஹெபரின் திரையில் கோல்கீப்பர் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கிறான். கோலாக இருக்குமோ... கோல் என்றால் கத்துவான், இது கத்தல் இல்லை, மூச்சு முட்டுகிறது, வால்டெமாருக்கு ரத்தக்கொதிப்பு, உப்பைக் குறை என்று டாக்டர் சொன்னால் டாக்டரைக் குறைத்துக்கொள்கிற ஆள்... குடுவையை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் செருப்பு ஒரு காலில் மட்டும் மாட்டிக்கொண்டு ஓடினான். அவர்கள் கதவு திறந்தே இருந்தது. வால்டெமார் தரையில் மண்டியிட்டிருக்கிறான், வாய் நிறையக் குஷன், முகம் பீட்ரூட், பின்னாலிருந்து நீபியா அந்தக் குஷனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருக்கிறாள்.

"நீபியா, உன் தம்பியைக் கொல்றியா?"

"உஷ். வாசலைத் தாண்டாத. ஓடு உன் வீட்டுக்கு."

"வாசலைத் தாண்டக்கூட ஆகாதவனா ஆயிட்டேனா?" ஹெபரின் குரல் அவனுக்கே பிடிக்காத மாதிரி உடைந்தது. "கோபம்னா கோபம்னு சொல்லித் தொலைங்க. ஈரம், பிஸ்கோச்சோன்னு சொல்லாதீங்க. இந்தச் சுவருல காதை வெச்சு வெச்சு எனக்குக் காதே தேஞ்சுபோச்சு."

வால்டெமார் குஷனுக்குள்ளிருந்து ஏதோ சொன்னான், தலையை இல்லை இல்லை என்று ஆட்டினான், கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நீபியா ஹெபரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், கையை மட்டும் எடுக்கவில்லை.

"கோபமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல," என்றாள். "உனக்கு அரை நிமிஷம் கழிச்சு வருது. இவன் முந்திக் கத்திட்டா உனக்கு கோல் கெட்டுப்போவுது. அதான் ஒவ்வொரு ஞாயிறும் இவன் வாயைப் பொத்தறேன், நீ கத்தினதும் விடறேன். சொன்னா வேணாம்னுவே, அதான் சொல்லல. போதுமா? போ, ஓடினா இன்னும் பாத்துடலாம்."

அவன் நகரவில்லை. முதுகுக்குப் பின்னால், ஆளில்லாத அவன் வீட்டில், வர்ணனையாளன் அந்த ஒரு வார்த்தையை மூச்சு விடாமல் இழுக்க ஆரம்பித்திருந்தான், குஷன் கீழே விழுந்தது, செருப்புப் போட்ட கால் வாசலுக்கு உள்ளேயும் வெறுங்கால் வெளியேயுமாக நின்றுகொண்டிருந்த ஹெபருக்கு, அப்படியானால் அத்தனை ஞாயிறும் தன் குரலோடு சேர்ந்து வந்தது எதிரொலி இல்லையா என்று தோன்றியது.