ஏழாம் கூட்டின் மணி

பர்னபாஷ் ஐந்தரைக்கு எழுந்தான். முகம் மழித்தான். காபி போட்டான். ரொட்டியில் பன்றிக் கொழுப்பைத் தடவி, மேலே வெங்காயம் வைத்து, நின்றபடியே தின்றான். தட்டைக் கழுவினான். குழாயை இறுக்கி மூடினான். மூடிய பிறகும் மணிச் சத்தம் கேட்டது. நான்கு நாட்களாக இப்படித்தான். ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போனான்.

தூண்டில் சங்கத்துக்காரர்கள் மீன் கூடுகளைப் பார்க்கும் வாரம் அது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் வீடு வீடாகப் போய் பண்டிகை மரங்களை வாங்கி வைப்பார்கள். மார்ச் கடைசியில் கல் கட்டி ஏரியில் இறக்குவார்கள்; அதுதான் கூடு. ஷுல்லோ மீன் அந்தக் கிளைகளில் முட்டையிடும். பெட்டை இட்டுவிட்டுப் போய்விடும். ஆண் மட்டும் தீனி எடுக்காமல் காவல் நிற்கும்.

படகில் மூவருமாக ஆறு கூடுகளைப் பார்த்தாயிற்று. ஆறும் காலி. மிச்சம் ஏழாவது. அது பர்னபாஷ் வீட்டு மரம்.

"இதுவும் காலின்னா மூணாவது வருஷமா குஞ்சே இல்லைடா," என்றார் சங்கத் தலைவர் தெஜோ.

"கெண்டை இருக்கே அண்ணே. உங்க மூஞ்சிக்கு அது போதும்." துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த சிலார்ட் சிரித்தான்.

"வாய மூடிட்டு வலிடா."

அப்போது மணி அடித்தது. தூண்டில் நுனியில் மாட்டுகிற சின்ன மணி.

"எவன்டா அவன்?" தெஜோ எழுந்தே நின்றுவிட்டார். முட்டைக் காலத்தில் தூண்டில் போடத் தடை. கரையில் ஆளில்லை. காற்றில்லை. நாணல்கூட அசையவில்லை.

"உங்களுக்கும் கேட்டுச்சா?" என்றான் பர்னபாஷ்.

"நான் என்ன செவிடா?"

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் மிட்டாயைத் திருடித் தின்றுவிட்டு, காலிக் காகிதத்தை உப்பலாக மடித்து வைப்பது ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பர்னபாஷ் அதில் கெட்டிக்காரன். போன கிறிஸ்துமஸுக்கு அவன் மனைவி எமெக்கெ அவனுடைய தூண்டில் மணியையே எடுத்து, சிவப்பு நூலால் மரத்தில் கட்டிவிட்டாள். இருபத்தெட்டாம் தேதி காலை அவன் கை வைத்தான். மணி அடித்தது. படுக்கையறையிலிருந்து அவள் குரல் கொடுத்தாள். வந்து பிடிக்கட்டும் என்று, வாயில் மிட்டாயோடு பதில் பேசாமல் நின்றான். பத்து நிமிடம் நின்றான். அவள் வரவில்லை.

மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது என்றார் டாக்டர். உடனே பார்த்திருந்தால்? டாக்டர் பேனாவை மூடினார்.

கூட்டில் உலோகம் இருக்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. அவனவன் மரத்தை அவனவன் சோதிக்க வேண்டும். பர்னபாஷால் அதைத் தொட முடியவில்லை. பார்த்தாச்சு என்று சொல்லிவிட்டான்.

"அண்ணே, அதுல எமெக்கெ கட்டின மணி இருக்கு. நான் கழட்டல."

தெஜோ அவனையே பார்த்தார். "தூக்குங்கடா," என்றார்.

மூவரும் கயிற்றை இழுத்தார்கள். நீர்மட்டத்துக்கு ஒரு முழம் கீழே மரம் வந்து நின்றது. கிளையெல்லாம் வெளிர்மஞ்சள் முட்டை. சிலார்ட் தொப்பியைக் கழற்றினான். நடுவில் சிவப்பு நூல். நூலிலும் முட்டை. அதில் மணி, பாசி பிடிக்காமல் பளிச்சென்று.

"கழட்டட்டுமா?" என்றான் பர்னபாஷ்.

"கிளைய விலக்கினா முட்டை கொட்டிப்போகும். இருக்கறதே இந்த ஒண்ணுதான். ஆனா உன் பொண்டாட்டி கட்டினது. நீயே முடிவு பண்ணு," என்றார் தெஜோ.

அவள் கையால் கட்டிய முடிச்சு வேறெங்கும் இல்லை. கையை முழங்கை வரை நீரில் விட்டான். குளிரில் எலும்பு வலித்தது. கீழேயிருந்து ஆண் மீன் மேலே வந்தது. கண்ணாடிக் கண். கைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஓடவில்லை, கடிக்கவில்லை. பார்த்தது.

விரல் நூலைத் தொட்டது. தண்ணீருக்குள் மணி அடித்தது, வீட்டுக்குள் அடிப்பதுபோல. மூன்று பேருக்கும் கேட்டது.

பர்னபாஷ் கையை எடுத்தான்.

"இறக்குங்க."

மரம் கீழே போனது. மீனும் கூடவே போனது.

"ஏன்டா கைய எடுத்துட்ட?" தெஜோவின் குரல் தாழ்ந்திருந்தது.

எமெக்கெ கடைசியாக உங்களைத்தான் கூப்பிட்டாள் என்று மாமியாரிடம் அவன் பொய் சொல்லியிருந்தான். அவள் உண்மையில் சொன்னதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொன்னான்.

"திருட்டுப் பயலே, கைய எடு. எனக்குக் கேட்டுடுச்சு."