குறுக்கே கசியும் அலை

“டேய், வயர் சுத்தியிருக்கு! இழுக்காத!” என்று ஆட்ரி கத்திய பிறகுதான் அவள் தம்பி எரிக் ஆன்டெனாவைக் கீழே வைத்தான்.

“அப்பாவோட பெட்டி வந்துருச்சுக்கா. ஹால்ல வேற எங்க வைக்கிறது?”

சிம்பாங் பூலாய் ஊரில் அந்த வீட்டு ஹால் ஒரு மாதமாக ஆய்வுக்கூடமாகத்தான் இருந்தது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த ஆட்ரி பல்கலைக்கழகக் கருவிகளையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். நேற்றுக் காலை அப்பா பெரியநாயகம் மாரடைப்பில் போய்விட்டார். எல்லாவற்றையும் அவளே தூக்கி அறைக்குள் வைத்தாள்.

ஆன்டெனா என்றால் முழ நீளப் பலகை. அதில் அலை ஓடிக்கொண்டே வரிசையாக வெட்டிய கீறல்கள் வழியே கசியும். அதிர்வெண்ணை மாற்றினால் கசியும் திசையும் மாறும். கேமரன் மலையிலிருந்து காய்கறி லாரி ஓட்டிய அப்பாவுக்கு அது பெரிய அதிசயம். “ஸ்டீரிங்கே இல்லாம திரும்புதா? எவ்ளோ தூரம் திரும்பும்?” என்று கேட்டுக் குடைந்தெடுத்துவிடுவார்.

பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை நன்றாகவே திரும்பியது. கோளாறு வேறு. நிமிர்ந்து வரவேண்டிய அலையில் ஒரு பங்கு குறுக்கே படுத்துக்கொண்டு வந்தது. திரையில் அது மேடாகத் தெரியும். கீறல்களை எப்படி மாற்றி வெட்டினாலும் மேடு இறங்கவில்லை. திங்கட்கிழமைக்குள் இறங்காவிட்டால் அந்த வடிவத்தையே விட்டுவிடச் சொல்லியிருந்தார் பேராசிரியர். இரண்டு வருட உழைப்பு அது.

“இன்னிக்காவது எறங்குச்சாம்மா?” என்று தினமும் அப்பா கேட்பார். இல்லையென்றால் அவரே தேறுதலும் சொல்வார். “நாளைக்கு எறங்கும்லா. எங்க போவப் போவுது?”

அடக்கம் முடிந்து திரும்பியபோது மாலையாகிவிட்டது. அம்மா பெட்ரீசியா அறையில் படுத்துவிட்டாள். ஆறுதல் கேட்டுக் கேட்டு ஆட்ரிக்குச் சலித்துப்போயிருந்தது. வந்தவர்கள் போனதும் காலி ஹாலில் கருவிகளைப் பழைய இடத்திலேயே வைத்தாள். ரிசீவரைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, குறுக்கே வருவதை மட்டும் அளந்தாள்.

மேடு இல்லை. கோடு அடியில் கிடந்தது.

வயர் கழன்றிருக்கும் என்று பார்த்தாள். கழன்றிருக்கவில்லை. ரிசீவரை நிமிர்த்தினாள். நேர் அலை நன்றாக வந்தது. அப்படியானால் ஆன்டெனா சரிதான். எப்போதுமே சரியாகத்தான் இருந்திருக்கிறதா? மின்விசிறி, இரும்பு அலமாரி என்று அலையைத் திருப்பி அடிக்கிற சாமான்களையெல்லாம் முதல் நாளே வெளியேற்றியிருந்தாளே. இன்றைக்கு இங்கே என்ன குறைகிறது?

வெளியே வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஆட்ரி வாசலுக்கு ஓடினாள்.

“எரிக்! அந்த வீல்சேர எறக்கு!”

சர்க்கரை நோயில் கால் எடுத்த பிறகு அப்பா அதில்தான் இருந்தார். அவள் அளக்கும்போதெல்லாம் பக்கத்திலிருந்துதான் பார்ப்பேன் என்று அடம்பிடிப்பார். அதுவும் இரும்புதான் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவள் கண்ணுக்கு அது அப்பா.

“சர்ச்சுல திருப்பிக் குடுக்கணும்க்கா. இன்னொரு அங்கிள் காத்துக்கிட்டு இருக்காரு.”

“அஞ்சு நிமிசம்லா, ப்ளீஸ்.”

ரிசீவரை மறுபடி படுக்கவைத்துவிட்டு, நாற்காலியை அப்பா வழக்கமாக இருக்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். திரையில் மேடு எழுந்தது. வெளியே தள்ளச் சொன்னாள். இறங்கியது. எரிக்குக்கும் ஆர்வம் வந்துவிட்டது. கேட்காமலே மறுபடி உள்ளே தள்ளிக்கொண்டு வந்தான். அப்பாவும் அவளும் சேர்ந்து திட்டித் தீர்த்த அதே மேடு மறுபடி வந்தது.

“அப்போ ஒன் ஆன்டெனா ஓகேயாக்கா?”

“ஓகேதான்டா.”

உடனே அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

“அப்ப சரி, எடுத்துட்டுப் போறேன்,” என்று எரிக் நாற்காலியின் பிடியில் கைவைத்தான்.

“இருடா,” என்றாள் ஆட்ரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”

அவன் கையை எடுத்தான். மேடு அப்படியே நின்றது.