அவ சிரிக்கிறப்போ குறை

எங்கள் தீவில் கூரைகளில் இணைய அலைத்தட்டு மாட்டுகிற எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். எந்த நாட்டில் இருக்கிறேன் என்று கருவி கேட்கும். புவேர்த்தோ ரிக்கோ என்று உண்மையைச் சொன்னால் சட்டம் விட்ட வலுவுக்குமேல் அது அலைவீசிக் கத்தாது. வேறொரு நாட்டின் பெயரைக் கொடுத்தால் தொண்டை கிழியக் கத்தும். அப்படி என் கருவிகள் உலகம் பூராவும் குடியேறிவிட்டன. நான்தான் இந்தத் தீவைத் தாண்டியதில்லை.

பெரியவர் தோன் எலாதியோவின் வீடு மலைமடிப்புக்குள் இருக்கிறது. கைபேசிக் கோபுரம், தொலைபேசிக் கம்பி எல்லாம் புயலோடு போய்விட்டன. அந்தக் கத்தல் இல்லாமல் சிக்னல் அங்கே ஏறாது. அவர் ஆக்சிஜன் குழாயோடு கட்டிலில்; மகள் யாரித்சா கடல்தாண்டி ஒர்லாண்டோ மருத்துவமனையில். அவள் இந்த மாதம் தாண்ட மாட்டாள் என்று இருவருக்கும் தெரியும். தினமும் திரையில்தான் பார்த்துக்கொள்வார்கள்.

அன்று காலை அலைவரிசை அதிகாரி வந்தார். திட்டவில்லை, திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். "மலைமடிப்பு வீட்டுக்கு நீங்க வெச்ச கருவியால மழை ராடார்ல ஒரு கோடு விழுது. அதுக்குள்ள பெய்யிற மழை எங்களுக்குத் தெரியாது. சாயங்காலம் பெருமழை. ஆத்தோரம் ஜனங்க இருக்காங்க."

மடிக்கணினியோடு தோன் எலாதியோவிடம் போய்ச் சொன்னேன், கத்தலைக் குறைத்தால் இணைப்பு அறுந்துவிடும் என்பதையும் சேர்த்து.

"நடுவுல ஒரு கம்பம் நட்டு சிக்னலைக் கைமாத்தினா சரியாயிடும். அனுமதி வர ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசமா," என்றார். குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டார். "சரி, குறைச்சிடு. ஆனா அவ அழுறப்போ அறுத்துடாதே, ரஃபா. சிரிக்கிறப்போ குறை."

திரையில் வந்த மகளிடமும் விஷயத்தைச் சொன்னார். பிறகு இரண்டு பேராலும் சிரிக்க முடியவில்லை.

"ரஃபா, எதையாவது உளறேன்டா," என்றார்.

மாதாகோயில் கூரையிலிருந்து பாதிரியாரின் சோற்றுப்பானைக்குள் நான் விழுந்த கதையை எடுத்துவிட்டேன்.

"அதை இன்னும் எத்தனை தடவை சொல்வே?" என்றாள் யாரித்சா. "முதல் தடவையே சிரிப்பு வரலியே."

பானைவரைக்கும் வந்தேன். அங்கேயே அழுதுவிட்டேன். கண்ணும் மூக்குமாக ஒழுகிக்கொண்டு, விக்கல் வேறு.

"அப்பா, அவனைப் பாருங்க," என்றாள். "கழுதை கத்துற மாதிரியே அழுறான்."

சிரித்துவிட்டாள். நாட்டின் பெயரைப் புவேர்த்தோ ரிக்கோ என்று மாற்றிப் பொத்தானை அழுத்தினேன்.

சிரிக்கும்போது அவளுக்குக் கண் மூடிக்கொள்ளும் என்று நான் யோசித்திருக்கவில்லை. மூடிய கண்களோடு படம் அப்படியே நின்றது. பிறகு திரை கறுத்தது.

"மன்னிச்சிடுங்க, தோன் எலாதியோ. ஒரு நொடி முந்திட்டேன்."

"இல்லடா," என்றார், கறுத்த திரையை விட்டுப் பார்வையை எடுக்காமல். "பொறந்ததுலேர்ந்து அவ அப்படித்தான் சிரிப்பா."